பத்து வெறும் அடி

நானூறு டன் பிரஸ்ஸைக் கழற்றி வேறு நாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று மேனேஜர் சொன்னபோது எங்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டோம். அது கழற்றக்கூடிய பொருள் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. தரைக்கு மேலே மூன்று ஆள் உயரம், கீழே குழிக்குள் இன்னும் ஒரு ஆள் உயரம். அது ஓர் அடி அடித்தால் கேன்டீனில் டம்ளரில் இருக்கும் தண்ணீர் நடுங்கும். வெறும் தகடாக உள்ளே போவது, கண் மூடித் திறப்பதற்குள் கார்க் கதவின் உள்பாகமாக வெளியே வரும். கல்லாவிப் பக்கம் பாறை உடைத்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு கல்லைப் பிளக்க அரை நாள் சுத்தியல் தூக்கிய எனக்கு அந்த அடியை முதன்முதலில் பார்த்த அன்று சோறு இறங்கவில்லை. பத்தொன்பது வருடம் அதன் முன்னால் நின்ற பிறகும் அந்தத் திகைப்பு போகவில்லை. நாங்கள் அதற்கு வைத்த பெயர் நானூறு. "நானூறு இன்னிக்கி நல்லா இருக்குதா?" என்று ஆளை விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொள்வோம்.

அன்று மாலை மெயின்டனன்ஸ் இன்ஜினியர் குருமூர்த்தி எங்களிடம் விவரம் சொன்னார். வயதில் சின்னவர், எங்களோடு சேர்ந்து கிரீஸ் பூசிக்கொள்கிற ஆள்.

"அந்த நாட்டுல சங்கம்னு பேர் எடுத்தாலே உள்ள வெச்சிருவாங்களாம்ணா. போன வருசம் கூலி ஏத்திக் கேட்ட மூணு பேரு எங்க போனாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் வீட்டுக்கே தெரியிலியாம். நம்ம கம்பெனிக்கி அந்த ஊரு ரொம்பப் புடிச்சிப்போச்சி."

"கூலி கம்மின்னு சொல்லுங்க சார்" என்றான் முனிராஜ். எங்கள் ஃபிட்டர், வெல்டிங்கும் அவன்தான். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். "புடிச்சிப்போச்சின்னா என்னமோ பொண்ணு பாத்துட்டு வந்த மாதிரி இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் லைனில் நாற்பது பேருக்கு வேலை போகிறது, அது ஒரு பாரம்தான். ஆனால் அந்த நிமிடத்தில் என் புத்தியில் வந்து நின்றது வேறு. அந்த ஊரில் நானூறின் முன்னால் நிற்கப்போகிறவனுக்கு வெறும் அடியைப் பற்றி யார் சொல்லுவார்கள்?

வெறும் அடி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 2009 ஜூலை மாதம், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை ஷிப்டு. முன்பக்கம் நின்று தகட்டை வைத்து மிதியை அழுத்துவது என் வேலை. பின்பக்கம் நின்று அடித்த பாகத்தை எடுப்பது செல்லியின் வேலை. ராயக்கோட்டைப் பக்கத்துப் பெண், எனக்கு ஐந்தாறு வயது இளையவள். அன்றைய முதல் தகடு. நானூறு இறங்கியது, ஏறியது. செல்லி கை நீட்டினாள். அது மறுபடியும் இறங்கியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

நான் ஒரு தடவைதான் மிதித்தேன். ஆனால் விசாரணை என்று கூப்பிட்டு ஒரு தாளை நீட்டி, செல்லிக்கு ஆஸ்பத்திரியில் சீக்கிரம் பார்க்க இது வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. கட்டை விரலை உருட்டிக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து சங்க ஆபீசில் அந்தத் தாளை ஒருவர் வாசித்துக் காட்டினார். 'நான் கவனக்குறைவாக மிதியை இரண்டு முறை அழுத்திவிட்டேன்' என்று அதில் இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சிலேட்டு வாங்கினேன். நாற்பது வயதில் 'அ' போட்டேன். எழுத்துக் கூட்டி நானே முழுதாக வாசித்த முதல் தாள் அதுதான். திரும்பத் திரும்ப வாசித்ததில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை மிதித்துவிட்டேனோ என்று. செல்லி அதற்குப் பிறகு கேன்டீன் வேலைக்குப் போய்விட்டாள். தினமும் எனக்கு டீ ஊற்றிக் கொடுப்பாள். அந்த நாளைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

பிறகு குருமூர்த்தி வேலைக்கு வந்தபோதுதான் காரணம் தெரிந்தது. காற்றின் அழுத்தத்தில் ஓடுகிற மிஷின் அது. ஓசூர்க் குளிருக்கு ராத்திரியில் காற்றுக் குழாயில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். காலையில் முதல் சில அடிகளில் வால்வு ஒட்டிக்கொண்டால், கேட்காமலே இன்னொரு அடி விழும். புது வால்வு கேட்டோம். பழைய மாடல், கிடைக்காது என்றார்கள். நானும் முனிராஜும் மூன்று மாதம், ஒவ்வொரு காலையும், யாரும் கை வைக்காமல் மிஷினை ஓட்டி எண்ணினோம். அந்தக் கேட்காத அடி பெரும்பாலும் நாலு, ஐந்துக்குள் வரும். ஒரே ஒரு நாள் ஒன்பதாவதில் வந்தது. அதனால் பத்து என்று வைத்தோம். ஷிப்டு தொடங்கியதும் பத்து வெறும் அடி. தகடு கிடையாது. இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நேரம் வீண் என்று கம்பெனி மறுத்தது. சங்கம் பதினோரு நாள் வாசலில் உட்கார்ந்து அதை வாங்கியது. அதற்குப் பிறகு நானூறு ஒரு விரலையும் எடுக்கவில்லை.

இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளில்தான் இருந்தது.

முதலில் நேர்வழியில் போனேன். ஒரு முழுப்பக்கம் என் கையால் எழுதினேன். குருமூர்த்தி அதை இங்கிலீஷில் அடித்து, மிஷினோடு போகிற ஃபைலில் சேர்த்து மேலே அனுப்பினார். மூன்றாம் நாள் ஃபைல் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு.

"இன்னா எழுதியிருக்காங்க சார்?"

"மேனுவல்ல இல்லாதது சேக்கக் கூடாதுன்னு." குருமூர்த்தி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அங்க ஒரு ஷிப்டுக்கு இத்தினி பீஸுன்னு கணக்குப் போட்டுட்டாங்கண்ணா. அதுல பத்து அடிக்கி எடம் இல்ல."

அந்த வாரம் அந்த நாட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நீலக் கோட்டு, முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் நோட்டும் அளவு டேப்பும். நானூறைச் சுற்றிச் சுற்றி வந்து அளந்தார். இன்னொருவர் வெள்ளைச் சட்டை. அவர் எதையும் அளக்கவில்லை.

"வெள்ளச் சட்டக்கி இன்னா வேல?" என்று கேட்டான் முனிராஜ்.

"நீலக் கோட்டப் பாக்கறதுதான் அவரு வேல" என்றார் குருமூர்த்தி.

"அட, சும்மா பாத்துக்கினு இருக்கறதுக்கு சம்பளமா? எனக்கும் ஒன்னு சொல்லி உடுங்க சார், நான் எங்க வீட்டுக்காரியப் பாத்துக்கினு இருக்கறன்."

செல்லி டீ கொண்டுவந்தாள். நீலக் கோட்டுக்காரர் கை நீட்டுவதற்கு முன்னால் வெள்ளைச் சட்டையின் முகத்தைப் பார்த்தார். அவர் தலையசைத்த பிறகுதான் டம்ளரை வாங்கினார். டீயை வாங்கும்போது செல்லியின் கையைப் பார்த்தார். பார்த்ததை மறைக்கவில்லை. அவள் முகத்தையும் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார்.

"பாவம், டீ குடிக்கறதுக்கே உத்தரவு கேக்குறாரு" என்றாள் செல்லி.

கடைசி ஷிப்டு ஒரு திங்கட்கிழமை. நானூறை நான்தான் ஓட்டினேன். நீலக் கோட்டு பக்கத்தில் நின்றார். நான் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மிதித்தேன். வெறும் அடி ஒன்று. இரண்டு. தகடு இல்லாமல் இவ்வளவு பெரிய இரும்பு எதற்கு இறங்குகிறது என்று அவர் குனிந்து பார்த்தார். நான்காவதில் எங்கள் அதிர்ஷ்டமோ என்னவோ, கேட்காத அடி விழுந்தது. அவர் துள்ளிப் பின்னால் போனார். என் காலைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி என் காலைப் பார்த்தார். நோட்டைத் திறந்தார். வெள்ளைச் சட்டை ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நோட்டு மூடிக்கொண்டது.

ஃபைலில் இருப்பதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று அவருக்கு உத்தரவாம். குருமூர்த்தி பிறகு சொன்னார்.

அன்று மாலை மூக்கண்டப்பள்ளி கடையில் ஒரு சின்ன டின் சிவப்பு பெயின்டும் பிரஷும் வாங்கினேன். மிஷினுக்குள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில் எழுதிவிடுவது என்று முடிவு. வெளியே எழுதினால் அழித்துவிடுவார்கள். உள்ளே என்றால் போய்ச் சேரும்.

"எந்த பாஷைல எழுதுவ?" என்றான் முனிராஜ்.

"கை படம் போடறன்."

"நீ போடற கை படம் வாழத்தாரு மாதிரி இருக்குமே, ஏமண்ணா."

செவ்வாய்க்கிழமை பெரிய கிரேன் வந்தது. ஷெட்டின் கூரையில் பாதியைப் பிரித்திருந்தார்கள். நானூறின் தலைப்பாகத்தை மட்டும் தூக்க அரை நாள் ஆனது. அது தன் இடத்தைவிட்டு ஒரு விரல்கடை எழும்பியபோது நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். யாரும் யாரையும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். பத்தொன்பது வருடம் எங்கள் தலைக்கு மேலே இருந்த இருட்டுக்குள் சூரிய வெளிச்சம் கொட்டியது. அடுத்த நாள் அந்தத் தலையைத் தாங்கி நின்ற இரண்டு தூண்களையும் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். உள்ளே வெற்றிடம். ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். மிஷின் நிமிர்ந்து நிற்கும்போது அதற்குள் ஒரு எலிகூடப் போக முடியாது.

சாப்பாட்டு நேரத்தில் டின்னையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வலது தூணுக்குள் தவழ்ந்தேன். பழைய எண்ணெய் வாசனை, கோயில் மூலஸ்தானத்து வாசனை மாதிரி மூக்கில் ஏறியது. நல்ல வழவழப்பான இடமாகப் பார்த்து டார்ச்சை அடித்தேன்.

அங்கே ஏற்கனவே ஒரு கை இருந்தது.

சிவப்பு பெயின்ட். என் டின்னில் இருந்த அதே சிவப்பு. ஒரு உள்ளங்கை, அதன் இரண்டு விரல்களின் மேல் பெருக்கல் குறி. அதற்குப் பக்கத்தில் வரிசையாகக் கோடுகள். எண்ணினேன். பன்னிரண்டு. கீழே தெரியாத எழுத்தில் நான்கு வரி. அதற்கும் கீழே பதினோரு பேர் கையெழுத்து மாதிரி, 2004 என்று வருடம்.

கோடுகளை மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். நானூறு மேற்கே ஒரு குளிர் நாட்டிலிருந்து வந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே ஃபேக்டரியை மூடிவிட்டு, கூலி குறைவான ஊர் என்று இங்கே கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு நாங்கள்தான் அந்த ஊர். எங்கள் முகம் தெரியாது, பெயர் தெரியாது. வேலை போகிற நாளில், தன் வேலையை எடுத்துக்கொண்டு போகிறவனின் கைக்காக ஒருவன் இந்த இருட்டுக்குள் பெயின்ட் டின்னோடு தவழ்ந்து வந்திருக்கிறான்.

குருமூர்த்தியைக் கூப்பிட்டேன். அவர் தவழ்ந்து வந்து போனை எழுத்தின் மேல் காட்டினார். போன் அதைத் தமிழாக்கியது. அது ஆக்கிய தமிழ் இப்படி இருந்தது: 'காலை குளிர் முதல் பன்னிரண்டு வெறுமை. கை வேண்டாம். அது தனியாக வருகிறது. நாங்கள் கூறினோம் அவர்கள் கேட்கவில்லை. நல்ல அதிர்ஷ்டம் நண்பர்கள்.'

"வெறுமையாம்ணா" என்றார் குருமூர்த்தி. "நாம வெறும் அடின்னு சொல்றோமே, அது."

அப்போது இங்கே மிஷினைப் பொருத்தியது வெளியூரிலிருந்து வந்த காண்ட்ராக்ட் ஆட்கள். ஒரு மாத வேலை. பார்த்திருப்பார்கள். யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மேலே தலைப்பாகத்தை வைத்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

முனிராஜ் போய்ச் செல்லியைக் கூட்டிவந்தான். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே தவழ்ந்தாள். டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கையைப் பார்த்தாள். கோடுகளை விரலால் தொட்டு எண்ணினாள். பிறகு, "பன்னண்டா?" என்றாள்.

"அவங்க ஊரு நம்ம ஊர விட குளுரு ஜாஸ்தியாச்சே" என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "செல்லி, நான் ரெண்டு வாட்டி மிதிக்கல. அந்தக் காகிதத்துல இருந்தது பொய்யி. இதோ பாரு, இங்க வர்றதுக்கு முன்னாடியே இது இப்பிடித்தான்."

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"இன்னாது?"

"அது மேல ஏறும்போதே நீங்க அடுத்த தகடு எடுக்கத் திரும்பிட்டீங்க. சந்து வழியா உங்க முதுகுதான் எனக்குத் தெரிஞ்சிது. முதுகு காட்டினு நிக்கறவரு எப்பிடி மிதிப்பாரு?"

"பின்ன ஏம்மா சொல்லல, இத்தினி வருசமா?"

"நீங்க கேக்கவே இல்லியே. என்னை எங்கியும் கூப்ட்டும் கேக்கல. தெனமும் டீ வாங்கறப்ப மூஞ்சத் திருப்பிக்கினு வாங்குவீங்க. சரி, மனுசனுக்கு எம்மேல எதுவோ கோவம்னு இருந்துட்டன்."

வெளியே முனிராஜ் தூணைத் தட்டினான். "உள்ளியே குடித்தனம் வெச்சிட்டீங்களா? வெள்ளச் சட்ட சாப்ட்டு கை கழுவிக்கினு இருக்கறாரு!"

பிரஷை எடுத்து டின்னைத் திறக்கப் போனேன். கை நின்றுவிட்டது. அப்போதுதான் உறைத்தது. நானும் அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன். அழிக்க மாட்டார்கள் என்று அவர்கள் நம்பிய அதே இடம். யாரும் அழிக்கவில்லைதான். மிஷின் இங்கே ஓடிய பத்தொன்பது வருடமும் யாரும் பார்க்கவும் இல்லை. இங்கே எழுதினால் அடுத்து இதைப் பார்க்கப்போவது, அந்த ஊரிலிருந்தும் இதைக் கழற்றி எடுத்துப்போகிற நாளில் வேலை இழக்கிறவன். அதற்குள் எத்தனை விரல்?

டின்னோடு வெளியே வந்தேன். "முனிராஜ், பெயின்ட் வேணாம். வெல்டிங் வெக்கணும். வெளிய, ஆளு நிக்கற எடத்துக்கு நேரா."

"மேனேஜரு என்ன வெச்சி வெல்டு பண்ணிருவாரு."

"கேட்டா சாமின்னு சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் சிரிப்பு பரவியது. எங்கள் ஃபேக்டரியில் எந்த ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தையும் எந்த மேனேஜரும் துடைக்கச் சொன்னதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால்கூட அந்தப் பொட்டுகளைச் சுற்றித்தான் தொட்டுப் பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை மதியம் குருமூர்த்தி எங்களிடம் வந்து, "நான் கேன்டீனுக்குப் போறன், வர முக்கா மணி ஆவும்" என்று கேட்காமலே சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையையும் கூட்டிக்கொண்டு போனார். படுத்துக் கிடந்த தூணின் முன்பக்கத் தகட்டில், நான் பத்தொன்பது வருடம் நின்றபோது என் நெஞ்சுக்கு நேராக இருந்த இடத்தில், செல்லி மண்டியிட்டுத் தன் வலது கையை வைத்தாள். நான் சாக்பீஸால் அதைச் சுற்றிக் கோடு போட்டேன். இரண்டு விரல் இல்லாத இடத்தில் சாக்பீஸ் வளைந்து திரும்பியது.

"கூசுது, சீக்கிரம் போடுங்க" என்றாள்.

அதற்குப் பக்கத்தில் பத்துப் புள்ளி. புள்ளிகளுக்கு அந்தப் பக்கம் அவளுடைய இடது கை, ஐந்து விரலோடு. முனிராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நீலப் பொறி பறந்தது. கோடு இரும்பாக எழும்பியது. அது ஆறுவதற்குள் மேலே சந்தனமும் குங்குமமும் அப்பினோம், சந்தனம் சொய்யென்று பொரிந்தது.

மீதி இருந்த நேரத்தில் நான் மறுபடி தூணுக்குள் போனேன். அந்தப் பதினோரு கையெழுத்துக்குக் கீழே செல்லி, முனிராஜ், கடைசியில் என் பெயர் கரியப்பன் என்று சிவப்பில் எழுதினேன். டின்னை வீணாக்க மனம் வரவில்லை. அவர்களுக்குப் பதில் சொன்னது மாதிரியும் ஆயிற்று.

மேனேஜர் மாலையில் வந்து நின்று பார்த்தார். "என்னய்யா இது?"

"சாமி சார்" என்றான் முனிராஜ்.

"என்ன சாமி?"

"கை சாமி சார். எங்க பக்கம் ரொம்ப துடியான சாமி. தொட்டா கையிலதான் புடிக்கும்."

மேனேஜர் தன் கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். "சரி சரி, பூஜையைச் சீக்கிரம் முடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ட்ரெய்லர் வந்தது. நாற்பத்தெட்டு சக்கரம். அத்தனைக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று முனிராஜ் அடம் பிடித்து, கூடையோடு வண்டிக்கு அடியில் புகுந்து வெளியே வந்தான். சூடம் காட்டினோம். நீலக் கோட்டுக்காரர் கையில் லிஸ்ட்டோடு ஒவ்வொரு பாகமாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டு வந்தார். வலது தூணுக்கு முன்னால் நின்றார். பேனா நின்றது.

மூன்று விரல் கையின் மேல் தன் வலது கையை வைத்தார். இரண்டு விரலை மடக்கிக்கொண்டார். தலையைத் திருப்பி, கூட்டத்தில் டம்ளர் தட்டோடு நின்ற செல்லியைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு புள்ளிகளின் மேல் விரல் ஓடியது. ஒவ்வொன்றாக. உதடு அசைந்தது. அவர் மொழியில் எண்ணுகிறார். எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனாலும் கூடவே எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு. வெள்ளைச் சட்டை அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஒன்பது. பத்து. அவர் கை கடைசியாக முழுக் கையின் மேல் விழுந்தது.

வெள்ளைச் சட்டை வந்து ஏதோ கேட்டார், குரல் கடுமையாக இருந்தது. நீலக் கோட்டு சட்டென்று இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்து, நாங்கள் கும்பிட்டதுபோலவே தூணைக் கும்பிட்டார். விரலில் கொஞ்சம் குங்குமம் எடுத்து நெற்றியில்கூட வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். போனை எடுத்துப் படம்கூடப் பிடித்தார்.

லிஸ்ட்டில் டிக் விழுந்தது. நீலக் கோட்டு அடுத்த பாகத்துக்கு நடந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். திங்கட்கிழமை நான் கட்டியிருந்தேனே, அதே மாதிரி. ஒரு கையின் மணிக்கட்டை இன்னொரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. கண்ணில் படுகிற தூரம் வரைக்கும் அப்படியே போனார்.

"பாத்தீங்களா?" என்றாள் செல்லி மெதுவாக.

"பாத்தன்."

வண்டி கிளம்பியது. நாற்பத்தெட்டு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கிய சத்தத்தை அன்றுதான் கேட்டேன். சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாகத் துறைமுகம், அதற்குப் பிறகு கடல். வெளிநாடு போக ஒரு பாஸ்போர்ட்டுகூட இல்லாத செல்லியின் இரண்டு கையும் அதில் போகின்றன. அந்தக் குளிர் நாட்டுப் பதினோரு பேரும் போகிறார்கள். அவர்கள் எண்ணியது பன்னிரண்டு, நாங்கள் எண்ணியது பத்து. அந்த ஊர் வெயிலா, மழையா, எனக்குத் தெரியாது. எத்தனை வேண்டும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஷெட்டுக்குள் திரும்பி வந்தோம். நானூறு நின்ற குழியில் நின்ற தண்ணீரில், பிரித்த கூரை வழியாக வானம் தெரிந்தது. செல்லி டம்ளரை நீட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.